அடையாள அட்டை எண்ணின் முதல் பூஜ்யம் எங்கே போனது?
நிரல் எழுதும் இளையோருக்குச் சில நடைமுறை நுணுக்கங்கள்

நம் இளையோர் பலர் இன்று பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எனக் கணினி மொழிகளைக் கற்று வருகிறார்கள். அப்படிக் கற்பவர்களிடம் ஆலயமும் சங்கமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முதலில் கேட்கும் உதவி பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, இந்தப் பெயர்ப் பட்டியலைக் கொஞ்சம் கணினியில் ஏற்றிக் கொடுப்பா."

எளிய வேலை போலத் தெரியும். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பது கல்வி நிதிக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் விண்ணப்பித்த பிள்ளைகளின் பெயர்களாக இருக்கலாம். அடையாள அட்டையில் உள்ளபடி பெயரோ எண்ணோ பதிவாகவில்லை என்றால், அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தைத் தேடும்போது "பதிவில் இல்லை" என்றே கணினி சொல்லும். இது எங்கெல்லாம் நேர்கிறது, எப்படித் தடுப்பது என்று பார்ப்போம்.

முதல் பூஜ்யம்

நமது அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 2005ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி பிறந்தவரின் எண் 050307 என்று தொடங்கும்.

இந்த எண்ணை எக்செல்லில் அப்படியே தட்டினால், அது கணக்குப் போடும் எண் என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். கணக்கில் முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. எனவே அது மறைந்து, 11 இலக்கமே மிஞ்சும். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் பிறந்தவருக்கோ மூன்று பூஜ்யங்கள் போய்விடும்.

1980களிலும் 90களிலும் பிறந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்குத்தான் இது வரும். எஸ்பிஎம் முடித்தவர்களும் கல்லூரி, பல்கலைக்கழகம் செல்பவர்களும் பெரும்பாலும் இந்த வயதினர்தான். உதவி நிதி யாருக்காகவோ, அவர்களின் எண்களே பட்டியலில் கெடுகின்றன.

தீர்வு ஒரு சிறிய விதி: கூட்டவோ கழிக்கவோ தேவையில்லாத எண்ணை எண்ணாகச் சேமிக்காதீர்கள், எழுத்தாகச் சேமியுங்கள். அடையாள அட்டை எண், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண், அஞ்சல் குறியீடு எல்லாம் இந்த வகை.

எக்செல்லில் தட்டத் தொடங்கும் முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். தரவுத்தளத்தில் 'இன்டிஜர்' வேண்டாம். 12 எழுத்து கொள்ளும் 'சார்' அல்லது 'வார்சார்' வகை போதும். பைத்தானில் 'பாண்டாஸ்' கொண்டு கோப்பைப் படிக்கும்போது, அந்தப் பத்தியின் வகை 'ஸ்ட்ரிங்' என்று நீங்களே குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் அதுவும் பூஜ்யத்தை விட்டுவிடும். ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு வேடிக்கை உண்டு. கண்டிப்பு முறை இல்லாத நிரலில் மேற்கோள் குறியின்றி 010 என்று எழுதினால், அதன் மதிப்பு பத்து அல்ல, எட்டு!

ஏற்கெனவே பூஜ்யம் போன பட்டியல் கையில் இருந்தால் கவலை வேண்டாம். அடையாள அட்டை எண் எப்போதும் 12 இலக்கம் என்பதால், குறைந்த இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பலாம். பைத்தானில் அதற்கு 'இசட்ஃபில்' என்ற கட்டளை உண்டு.

ஆனால் இரண்டு சேதங்களைச் சரிசெய்யவே முடியாது. ஒன்று, எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்க எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். இரண்டு, 12 இலக்க எண்ணை 8.00E+11 போலச் சுருக்கிக் காட்டும்போது அதை அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால், சுருங்கிய வடிவமே கோப்பில் பதியும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான். ஆகவே முதலில் வந்த மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

பெயரில் வரும் சாய்கோடு

கவிதா ஏ/பி முனியாண்டி என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் எழுதப்பட்ட மாதிரி நிரல்களைப் பார்த்துப் படிவம் தயாரிப்பவர்கள், பெயரில் எழுத்துகள் மட்டுமே வரலாம் என்று கட்டுப்பாடு வைத்துவிடுகிறார்கள். சாய்கோட்டைக் கண்டதும் படிவம் 'தவறான பெயர்' என்று திருப்பி அனுப்புகிறது. அடையாள அட்டையில் இருக்கும் பெயர் எப்படித் தவறாகும்? ஏ/எல், ஏ/பி, சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ, மாற்றுப் பெயருக்கான @ குறி, எல்லாவற்றையும் படிவம் ஏற்க வேண்டும்.

'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டங்களும் வேண்டாம். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. இருப்பது தந்தை பெயர். 'அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்' என்று ஒரே கட்டம் வையுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போதும் கவனம் தேவை. விண்டோஸ் கோப்புப் பெயரில் சாய்கோட்டை அனுமதிக்காது. லினக்ஸ் அதைக் கோப்புறையைப் பிரிக்கும் குறியாக எடுத்துக்கொள்ளும். மாணவர் படத்தையோ சான்றிதழையோ பெயரால் சேமிக்காமல், ஒரு வரிசை எண்ணால் சேமிப்பதே பாதுகாப்பு.

தமிழ்ப் பெயர்களின் நீளமும் வரிசையும்

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? தமிழ்ப்பள்ளிப் பிள்ளை மூன்று என்று சொல்லும். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் ஐந்து என்று சொல்லும். யூனிகோட் முறையில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். 'ழ்' என்பது ழகரமும் புள்ளியுமாக இரண்டு. இதே சொல் யுடிஎஃப்-8 கோப்பில் 15 பைட் இடம் பிடிக்கும்.

அட்டையில் இடம் போதவில்லை என்று நிரல் பெயரை நான்கு குறியீட்டோடு வெட்டினால், 'கவிதா' 'கவித' ஆகிவிடும். வெட்டத்தான் வேண்டும் என்றால், முழு எழுத்தாக எண்ணும் வழியைப் பயன்படுத்துங்கள். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு 'இன்டல் செக்மென்டர்' இருக்கிறது. ஸ்விஃப்ட் மொழி இயல்பாகவே மூன்று என்றுதான் எண்ணும்.

அகர வரிசையும் இப்படித்தான். அமுதா, அழகன், அறிவு, அன்பு என்பதே நம் வரிசை. றகரமும் னகரமும் கடைசியில் வர வேண்டும். ஆனால் யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தே இருப்பதால், சாதாரணமாக வரிசைப்படுத்தினால் அன்பு முதலில் வந்து நிற்கும். அச்சிட்ட பட்டியலில் தன் பெயரை உரிய இடத்தில் தேடுபவர், அது இல்லை என்றே நினைப்பார். ஜாவாஸ்கிரிப்டின் 'இன்டல் கொலேட்டர்' கருவிக்கு மொழி தமிழ் என்று சொன்னாலே போதும். பைத்தானில் 'ஐசியு' நூலகம் இதைச் செய்யும்.

சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறந்ததும் தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாகத் தெரிந்தால், கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். அது யுடிஎஃப்-8 என்பது எக்செல்லுக்குத் தெரியவில்லை. 'டேட்டா' பகுதி வழியாகக் கோப்பை உள்ளே கொண்டுவந்து, குறியாக்கமாக 65001 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பைத்தானில் கோப்பை எழுதும்போது 'யுடிஎஃப்-8-சிக்' என்று குறிப்பிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது.

ஒப்படைக்கும் முன் பத்துப் பெயர் சோதனை

பட்டியலைச் சங்கத்திடம் ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வேண்டுமென்றே சிக்கலான பத்துப் பெயர்களைக் கற்பனையாக எழுதிக்கொள்ளுங்கள். பூஜ்யத்தில் தொடங்கும் எண் உள்ளவர், ஏ/பி உள்ளவர், @ உள்ளவர், ஒற்றைச் சொல் பெயர் உள்ளவர், மிக நீளமான பெயர் உள்ளவர், தமிழில் மட்டும் எழுதியவர் என எல்லாரும் அதில் இருக்கட்டும். அந்தப் பத்தும் உள்ளே போனபடியே வெளியே வருகின்றனவா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நிரலை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதையே திரும்பச் செய்யுங்கள்.

சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணினியில் ஏற்றிய பட்டியல் கைக்கு வந்ததும், விண்ணப்பப் பாரங்களில் ஒரு பத்தை எடுத்து, அடையாள அட்டை நகலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லா எண்ணிலும் 12 இலக்கம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். அரை மணி நேரத்துக்குள் முடியும் இந்த வேலை, தகுதியுள்ள ஒரு பிள்ளையின் பெயர் விடுபடாமல் காக்கும்.