பொன்ஜீன் ஆண்டகையும் பள்ளிக்கூட உதவிப்பணமும்

இலங்கைக் கத்தோலிக்கர் பொன்ஜீன் ஆண்டகையை நன்கறிவர். கல்வி வரலாற்றில் அவருக்குரிய இடத்தையோ ஆசிரியர்களாகிய நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை.

1823-இல் பிரான்சு நாட்டு ரியோம் நகரிற் பிறந்த கிறிஸ்தோப் எர்னஸ்ட் பொன்ஜீன், குருவானபின் முதலிற் கோயமுத்தூர்ப் பகுதியிலே தொண்டாற்றினார். 1850-களில் யாழ்ப்பாணம் சென்று அமலமரித் தியாகிகள் சபையிற் சேர்ந்தார். 1868-இல் யாழ்ப்பாண மேற்றிராணியாரானார். 1883-இற் கொழும்புக்கு மாறி, 1886-இல் அந்நகரின் முதல் அதிமேற்றிராணியாராகி, 1892-இற் காலமானார்.

மேற்றிராணியாராகுமுன்பே, 1860, 1861-ஆம் ஆண்டுகளில், கல்வி பற்றி அவர் ஆங்கிலத்திற் சிறு நூல்கள் எழுதி வெளியிட்டார். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளையும் ஒருங்கே வைத்துப் படிப்பிக்கும் சர்க்கார் கலவன் பள்ளிக்கு மட்டும் பொதுப்பணம் செல்வது நியாயமா என்பது அவர் கேள்வி. வரி கட்டுவோர் எல்லாச் சமயத்தாருமே. ஆகவே பெற்றோர் தத்தம் சமயப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பட்டும். சர்க்கார் அங்கே நடக்கும் பொதுக்கல்விக்கு மட்டும் பணம் தரட்டும் என்று வாதாடினார்.

1867-இல் மோர்கன் குழு அறிக்கை தந்தது. 1869-இற் கல்வி இலாகா பிறந்தது. அதன்பின் வந்த விதிகளில் அவர் கேட்டதிற் பெரும்பகுதி கிடைத்தது. பரீட்சையில் மாணவர் பெறும் தேர்ச்சியைக் கணக்கிட்டு உதவிப்பணம் வழங்கப்பட்டது. பரீட்சையன்று பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பள்ளியின் வருமானமும் குறையும்! அக்காலத்துத் தலைமையாசிரியரின் நிலையை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வாதத்தில் ஒரு குறையும் உண்டென்பது எம் கருத்து. ஊரில் இருப்பது ஒரே பள்ளி. அதுவும் பாதிரிமாருடையது என்றால், சைவப் பெற்றோருக்குத் தெரிவு ஏது? பெற்றோர் உரிமையை அத்துணை வலியுறுத்திய பெரியார் இவர்களை உரிய அளவு கருதினாரல்லர். ஆயினும் அவர் கேட்ட வழி பிறருக்கும் திறந்தே இருந்தது. 1848-இலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பள்ளி தொடங்கியிருந்தார் ஆறுமுக நாவலர். 1880-க்குப்பின் பௌத்தரும், 1923-இல் நிறுவப்பெற்ற இந்து வித்தியாவிருத்திச் சங்கத்தாரும் உதவிப்பணத்தைக் கொண்டே பல பள்ளிகளை நடத்தினர்.

பிறசமயப் பிள்ளைக்குச் சமயபாடத்திலிருந்து விலக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. 1960, 1961-ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பள்ளிகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கமே ஏற்றது. யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரி போன்ற சில மட்டும், கட்டணமும் வாங்காமல், தனியார் பள்ளிகளாகவே நிலைத்தன.