மஞ்சள் பையில் நாலு ரிப்போர்ட்

மஞ்சள் பைக்குள்ளிருந்து நாலு ரிப்போர்ட்டை உருவி, டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள் எதிர்வீட்டுக்காரி. ஆறு மாதமாக நீர்க்கடுப்பு. உடம்புச் சூடுதான் என்று அவள் மாமியார் இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் கொடுத்துப் பார்த்துவிட்டார். மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய ஐந்து நாள் மாத்திரை மூன்று தடவை ஓடிவிட்டது. தின்கிறவரை அடங்கியிருக்கும், நிறுத்தினால் பழையபடி.

“கல்ச்சர்ல ஒண்ணும் வளரலன்னு போட்டிருக்காங்கக்கா. அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா?”

நான் டாக்டர் இல்லை. ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் ஸ்லைடு பார்த்தவள். ரிப்போர்ட் கைக்கு வந்தால் முடிவைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பார்ப்பது என் பழக்கம். அவளுடைய முதல் இரண்டு கல்ச்சரும் மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் எடுத்தவை. மருந்து சிறுநீரில்தான் அதிகமாகச் சேரும். மருந்து கலந்த நீரைத் தட்டில் விட்டுவிட்டு, கிருமி முளைக்கவில்லை என்று சொன்னால் அதில் என்ன தெரியும்? கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் மாத்திரை போட்டிருக்க வேண்டும்.

மூன்றாவதில் ‘பலவகைக் கிருமிகள் கலந்துள்ளன’ என்று இருந்தது. “எப்படிக் கொடுத்தே?” என்று கேட்டேன். காலை ஆறு மணிக்கு வீட்டிலேயே பிடித்து, சமையல் முடித்து, பையனை ஸ்கூலுக்கு அனுப்பி, பத்தரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். இ.கோலை என்கிற குடல் கிருமி வாகான சூட்டில் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். ஒன்று இரண்டு மணி நேரத்தில் 64 ஆகும். நாலரை மணி நேரக் கணக்கை அவளே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கழுவித் துடைத்துவிட்டு, முதலில் வருவதைக் கீழே விட்டு, நடுவில் வருவதை மட்டும் லேபில் கொடுக்கிற டப்பாவில் பிடிக்க வேண்டும். உள்பக்கம் விரல் படக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் சேர்க்க முடியாதென்றால் பிரிட்ஜில் வைக்கலாம். (மாமியார் என்ன சொல்வாரோ, அது வேறு விஷயம்.)

கிருமி எண்ணிக்கைக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. மில்லிக்கு ஒரு லட்சம் இருந்தால்தான் தொற்று என்ற கணக்கு 1950-களில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் வகுத்தது. எரிச்சலோடு வருகிற பெண்களுக்கு அந்தக் கோடு ரொம்ப உயரம், நூறு இருந்தாலே நோய் இருக்கலாம் என்று 1982-ல் ஸ்டாம் குழுவினர் காட்டினார்கள். பல லேப்களில் பழைய லட்சம்தான் இன்னும் ஆட்சி செய்கிறது. எரிச்சல் இருக்கிறது என்று படிவத்தில் எழுதச் சொல்வது அதனால்தான்.

நாலாவது ரிப்போர்ட்தான் என்னை நிறுத்தியது. மாத்திரை விட்டு இரண்டு வாரம் கழித்து, ஒழுங்காகக் கொடுத்த சாம்பிள். பஸ் செல், அதாவது சீழ் அணு, 15 முதல் 20. கல்ச்சரில் வளர்ச்சி இல்லை. சண்டை நடந்த அடையாளம் இருக்கிறது, எதிரியைக் காணோம். கல் இருக்கலாம். சாதாரணத் தட்டில் வளராத கிளமிடியா போன்ற கிருமி இருக்கலாம். நம் ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: காசநோய்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். “டி.பி.யா? எனக்கு இருமலே இல்லையேக்கா.”

“இருந்தே ஆகணும்னு சொல்லல. இல்லைன்னு பார்த்து வெச்சுக்கணும்னு சொல்றேன்.” எப்போதோ நுரையீரல் வழியாக உள்ளே வந்த கிருமி, வருஷக்கணக்கில் சிறுநீரகத்தில் தூங்கிக் கிடந்து எழுந்திருக்கும். அப்போது இருமல் இருக்காது. விடிகாலை முதல் சிறுநீரை மூன்று நாளாவது அடுத்தடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கென்று உள்ள கல்ச்சர் ஆறு முதல் எட்டு வாரம் இழுக்கும். சிபிநாட் என்கிற மரபணுச் சோதனை சில மணி நேரத்தில் சொல்லிவிடும்.

அவளுக்குச் சர்க்கரையும் உண்டு. நாலு மாதம் முன்பு மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். அட்டையைப் பார்த்தேன், டபாகிளிஃப்ளோசின். நல்ல மருந்துதான். ஆனால் அது வேலை செய்வதே சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றித்தான். ஒன்றுக்குப் போவது கூடும். பிறப்புறுப்பில் பூஞ்சை வந்து எரியவும் செய்யும். அந்த எரிச்சலை நீர்க்கடுப்பு என்று நினைத்து ஆன்டிபயாடிக் தின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கடுப்பு அதற்கு முன்பே தொடங்கியதால் பழியெல்லாம் மாத்திரை மேல் போட முடியாது. தானாக நிறுத்தாதே, டாக்டரிடம் அட்டையைக் காட்டு என்றேன்.

ஸ்கேன் எடுத்திருந்தாள். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து, அடக்கி வைத்து, படுத்து எடுத்தது. போய்விட்டு வந்த பிறகு மறுபடி எடுத்தார்களா என்றால், வெளியே கூட்டமாம், போகச் சொல்லிவிட்டார்களாம். அந்த இரண்டாவதுதான் முக்கியம். போன பின்னும் சிறுநீர்ப்பையில் எவ்வளவு தங்குகிறது என்று அது சொல்லும். 50 மில்லிக்குள் இருந்தால் கவலையில்லை. சர்க்கரை பல வருஷமானால் பையின் நரம்பு மந்தமாகி 200, 300 தேங்கும். தேங்கின நீரில் கிருமி குடியேறும். அளவுக்கு மேல் அடக்கிவிட்டுப் போனாலும் மிச்சம் கூடுதலாகக் காட்டும் என்பதால், சந்தேகம் வந்தால் இன்னொரு நாள் எடுக்க வேண்டும்.

நீரின் வேகத்தை அளக்கும் கருவி, பையின் அழுத்தத்தை அளக்கும் சோதனை, உள்ளே குழாய் விட்டுப் பார்ப்பது எல்லாம் இதற்கு அப்புறம்தான். அழுத்தச் சோதனையில் ஆசனவாயிலும் ஒரு மெல்லிய குழாய் வைப்பார்கள், பயந்துவிடாதே என்றேன். இருமினால் வயிறு தருகிற அழுத்தத்தைக் கழித்தால்தான் பையின் சொந்த அழுத்தம் தெரியும். குழாய்க் கேமராவுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால், ஒரே தடவை வந்து நின்றுபோனாலும், வரிசையில் காத்திருக்கக் கூடாது. அது புற்றின் முதல் அடையாளமாக இருக்கலாம். குளிர் காய்ச்சல், விலா வலி, நீர் அடைத்துக்கொள்வது, இதெல்லாம் என் வீட்டு டீக்கு வருகிற விஷயமே இல்லை, நேரே ஆஸ்பத்திரி.

பழைய அளவு மக் ஒன்றும் பாதி எழுதிய நோட்டும் எடுத்துக் கொடுத்தேன். மூன்று நாள்; எப்போது என்ன குடித்தாய், எப்போது போனாய், எவ்வளவு மில்லி, இவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் 80, 100 என்றால் பைதான் அவசரப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் 400 என்றால் பைமேல் தப்பில்லை, சர்க்கரையையும் குடிக்கிற அளவையும் பார்க்க வேண்டும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் போகிறதென்றால் கால் வீக்கம், இதயம், தூக்கம் பக்கம் டாக்டர் திரும்புவார். இவ்வளவும் ஒரு ரூபாய் செலவில்லாமல்.

“பஸ்ல போற அன்னிக்குத் தண்ணியே குடிக்க மாட்டேன்கா. எங்க போறது?”

“அதையும் எழுது.”

“டீ?”

“முதல் வரியே அதுதான்.”

4.40, டீ, 150 என்று எழுதினாள். பேனாவை மூடிவிட்டு எழுந்து, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தெரிந்தும் கேட்டாள். மக்கை நீட்டினேன்.