கல்லாப்பெட்டியும் கைப்பேசியும்

வியாபாரம் நம்மில் பெரும்பாலோருக்கு ஏட்டுப் படிப்பால் வந்ததன்று. கடையில் நின்று கற்றதாகும். புதிதாக வேலைக்கு வந்த பையன் முதலில் கடையைப் பெருக்குவான், வாசலில் தண்ணீர் தெளிப்பான், பொட்டலம் மடிக்கப் பழகுவான். பிறகு தராசு. அதற்கும் பிறகு சிட்டை எழுதுவது, சரக்கெடுக்க மண்டிக்குப் போய் வருவது. இவை எல்லாவற்றிலும் தேறிய பிறகுதான் அவனைக் கல்லாவில் உட்கார வைப்போம். பணத்தைத் தொடும் வேலையே கடைசிப் பாடம் என்பது நமது கடைகளில் எழுதப்படாத விதியாக இருந்தது.

இந்த வரிசையைக் கைப்பேசி புரட்டிவிட்டது. நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனிடம் "பணம் ஏறிவிட்டதா பார் தம்பி" என்று முதலாளியே கேட்கும் காலம் இது. கடைசிப் பாடம் முதல் பாடமாகிவிட்டது; பாடம் சொல்லும் இடத்தில் பையனும், கேட்கும் இடத்தில் முதலாளியும் இருக்கிறார்கள். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு, கேட்டுக்கொண்டே இருப்பது வேறு. தன் கடைக்கு வந்த பணத்தைத் தானே பார்த்தறிய முடியாத முதலாளி, தன் கல்லாவின் சாவியை வேறொருவர் கையில் கொடுத்தவர் ஆகிறார். இதுபற்றி வணிகர்களாகிய நாம் கூடிச் சிந்திக்க வேண்டிய வேளை வந்துவிட்டது.

நான்கே ஆண்டுகளில்

மாற்றம் வந்த வேகத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். யு.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறை 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பர் 8 இரவு, 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. 2017 ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. வந்தது; விற்பனை விவரமும் வரிக் கணக்கும் கணினி வழியே என்றாயிற்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு. ஒவ்வொன்றும் ஒரு தலைமுறை பழகிக்கொள்ள வேண்டிய மாற்றம். நான்கும் நான்கே ஆண்டுகளுக்குள் நம் வாசலுக்கு வந்து நின்றன.

2019 அக்டோபரில்தான் யு.பி.ஐ. பரிமாற்றங்கள் ஒரே மாதத்தில் 100 கோடியைத் தொட்டன. 2025 ஆகஸ்டில் அதே ஒரு மாதக் கணக்கு 2000 கோடியைத் தாண்டியது. இதில் பெரும்பகுதி நம்மைப் போன்ற கடைகளில் நடக்கும் சிறு தொகைகளே. ஒரு கட்டுக் கீரைக்கும் ஒரு டம்ளர் தேநீருக்கும் 'ஸ்கேனர்' கேட்கிறார்கள். சில்லறைத் தட்டுப்பாடு பெருமளவு நீங்கியது. கள்ள நோட்டுப் பயம் குறைந்தது. இரவில் பணக்கட்டுடன் வீடு திரும்பும் அச்சமும் குறைந்தது. இந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை.

வீடுகள் பள்ளிக்கூடமான காலம்

வாடிக்கையாளர்கள் இதையெல்லாம் எங்கே கற்றார்கள்? பலர் தங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கற்றார்கள் என்பதே நாம் கண்ட உண்மை. தமிழகத்தில் 2018-ல் வந்த புதிய பாடநூல்களிலேயே கைப்பேசியால் படிக்கும் க்யூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டிருந்தன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020-ல் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் நடந்தது. ஒரே ஒரு கைப்பேசி உள்ள வீட்டில் மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் படித்ததை நாம் பார்த்தோம். அந்தக் கைப்பேசி கூட இல்லாத பிள்ளைகள் பின்தங்கியதையும் பார்த்தோம். அந்த இழப்பைச் சரிக்கட்டத்தான் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டுத் தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்து பாடம் நடத்தினார்கள். கருவி மட்டும் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு மனிதர் வேண்டும் என்ற பாடத்தை அரசே அன்று கற்றது. இது நமக்கும் பொருந்தும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

அக்காலத்தில் நமது வீதியின் முகமும் மாறியது. நோட்டுப் புத்தகக் கடைகள் ஜெராக்ஸ் மையங்களாகவும், பாடத்தாள் அச்செடுக்கும் இடங்களாகவும் ஆயின. கட்டணம் செலுத்த, விண்ணப்பம் போட, மதிப்பெண் பட்டியல் எடுக்க என்று இன்றும் மாணவர்கள் அங்கே காத்து நிற்கிறார்கள். மளிகைக் கடைக்கோ வாட்ஸ்அப்பில் சீட்டு வரத் தொடங்கியது. இல்லத்தரசிகள் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். எழுத முடியாத முதியவர்கள் பேசி அனுப்புகிறார்கள். பெரிய நிறுவனங்கள் கோடிகளைக் கொட்டி அமைக்கும் ஏற்பாட்டைத் தெருக்கோடி மளிகைக் கடை செலவின்றிப் பெற்றது.

ஆனால் இதில் ஒரு நட்டமும் உண்டு. கடைக்கு நேரில் வரும் அம்மையார் சீட்டில் உள்ள பத்துப் பொருளோடு, கண்ணில் பட்ட இரண்டு பொருளையும் வாங்குவார். வாட்ஸ்அப் சீட்டில் அந்த இரண்டும் வருவதில்லை. ஆகவே புதுச் சரக்கு வந்த அன்றே அதன் படத்தையும் விலையையும் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் பழக்கம் வேண்டும். நாளுக்கு ஒரு முறை போதும். காலை வணக்கம் முதல் இரவு வணக்கம் வரை அனுப்பினால் நமது எண்ணையே மூடிவிடுவார்கள்.

விலை இனி ரகசியமில்லை

ஒரு காலத்தில் விலை நிலவரம்தான் மொத்த வியாபாரியின் மூலதனம். விருதுநகர் நிலவரத்தைப் பத்திரிகையில் பார்த்தோம், அவசரமென்றால் ட்ரங்க் கால் பதிவு செய்து காத்திருந்தோம், பிறகு எஸ்.டி.டி. வந்தது. முந்திக்கொண்டு விலை அறிந்தவர் லாபம் பார்த்தார். இன்று விடிவதற்குள் மண்டி விலை எல்லார் கைப்பேசிக்கும் வந்துவிடுகிறது. விவசாயிக்கும் தெரிகிறது, தரகருக்கும் தெரிகிறது, வாடிக்கையாளருக்கும் தெரிகிறது.

அப்படியானால் நம்மிடம் மிஞ்சுவது என்ன? சரக்கறிவுதான். நெல்லைக் கடித்து ஈரம் பார்ப்பது, மிளகாயைக் குலுக்கி விதையின் சலசலப்பில் காய்ச்சல் அறிவது, எந்தத் துவரை சீக்கிரம் வேகும், எந்த அரிசி பழையது என்று கையில் எடுத்ததும் சொல்வது. படம் நிறத்தைக் காட்டும். மணத்தையும் ஈரத்தையும் காட்டாது. கைப்பேசியில் நம்மைவிடக் கெட்டிக்காரனாக இருக்கும் கடைப்பையனுக்கு இந்த அறிவை நாம்தான் தர வேண்டும். அவன் நமக்குத் திரையைக் கற்பிக்கட்டும். நாம் அவனுக்குச் சரக்கைக் கற்பிப்போம். இரண்டில் ஒன்று நின்றாலும் கடை நொண்டும்.

எழுதாத கணக்கும் எழுதப்படுகிறது

இனி ஆபத்துகளைச் சொல்ல வேண்டும். பணம் அனுப்பியதுபோல் போலிப் படத்தைக் காட்டிச் சரக்கோடு போய்விடுவது ஒரு வகை. நம் ஸ்கேனர் அட்டையின்மேல் வேறொருவர் அட்டையை ஒட்டிச் செல்வது மற்றொரு வகை. "பணம் அனுப்புகிறேன், உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பது மூன்றாவது வகை. பணம் கொடுப்பதற்குத்தான் ரகசிய எண் வேண்டும்; பெறுவதற்கு ஒருபோதும் வேண்டாம். இந்த ஒரு விதியை மனத்தில் நிறுத்தினாலே பல ஏமாற்றுகள் தப்பும். ஏமாந்துவிட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். எவனோ திருடிய பணம் நம் கடையில் சரக்காக மாறினால், விசாரணையின்போது நம் வங்கிக் கணக்கே முடக்கப்படுவதும் உண்டு. அந்நேரத்தில் கைகொடுப்பது நாம் போட்டு வைத்த பில் ஒன்றுதான்.

இவற்றைவிடப் பெரிய செய்தி வரிக் கணக்கு. 2025 ஜூலையில் பெங்களூரில் சிறு வணிகர்கள் பலருக்கு, அவர்கள் யு.பி.ஐ. வழியே பெற்ற தொகையைக் காட்டி ஜி.எஸ்.டி. நோட்டீஸ்கள் வந்தன. பல கடைகளில் ஸ்கேனரை எடுத்துவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி வைத்தார்கள். நாம் அதிலிருந்து கற்க வேண்டியது ஸ்கேனரைக் கழற்றுவதையன்று. பொருள் விற்போருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சமும், சேவை தருவோருக்கு 20 லட்சமும் தாண்டினால் பதிவு வேண்டும் என்பது விதி. வரியுள்ள பொருளும் வரியில்லாப் பொருளும் சேர்த்து விற்பவர் இரண்டையும் கூட்டித்தான் இந்த எல்லையைப் பார்க்க வேண்டும். கைமாற்று வாங்கியது, மகன் வெளியூரிலிருந்து அனுப்பியது, சீட்டுப் பணம் எல்லாம் ஒரே கணக்கில் வந்து விழுந்தால், அவை விற்பனை அல்ல என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில்தான் விழும். நாம் பேரேட்டில் எழுதாத கணக்கையும் கைப்பேசி எழுதிக்கொண்டேயிருக்கிறது. அதை நாம் படிக்கத் தெரிந்துகொள்ளவில்லை என்றால், பிறர் படித்து நமக்குச் சொல்வார்கள்.

மொத்த வணிகர்களுக்கும் இதே நிலைதான். 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் வணிகர்களுக்குப் போடும் பில்லை மின்னணு முறையில்தான் பதிய வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் முதல் நடப்பில் உள்ளது. ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்றிருப்பது சரியன்று. ஆடிட்டர் நாம் கொடுப்பதைத்தான் பார்ப்பார்.

மகமை கட்டிய பள்ளி

கற்க வேண்டும் என்பது சரி, எங்கே கற்பது? இதற்கு விடை வணிகர்களின் வரலாற்றிலேயே இருக்கிறது. விருதுநகரில் வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் மகமை எடுத்தும், வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கியும் சத்திரிய வித்யாசாலைப் பள்ளியை வளர்த்தார்கள். அங்கே படித்த பெருந்தலைவர் காமராசர், படிப்பைப் பாதியில் விட்டு மாமன் கடையில் வேலைக்கு நின்றவர். பின்னாளில் முதலமைச்சராகி ஊர்தோறும் பள்ளி திறந்தார். அன்று எழுத்தறிவு எப்படியோ, இன்று இந்தக் கைப்பேசி அறிவு அப்படி. வீடியோ பார்த்துத் தனியே கற்கலாம் என்பார்கள். அதில் பாதி விளம்பரம், மீதியில் எது உண்மை என்று பிரித்தறியவே முன்னறிவு வேண்டும். நம் சங்கத்தில், நமக்குத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதற்கு அது ஈடாகாது.

எனவே ஒவ்வொரு கிளைச் சங்கமும் வாரம் ஒரு நாள், கடை விடுமுறை பிற்பகலில் இரண்டு மணி நேர வகுப்பு நடத்தலாம். ஆசிரியரை வெளியே தேட வேண்டாம். உறுப்பினர்களின் கல்லூரி படிக்கும் மகனும் மகளும் போதும். கடையைக் கவனிக்கும் பெண்களும், வேலை செய்யும் பையன்களும் அவசியம் வர வேண்டும். பாடங்கள் இவையாக இருக்கலாம்:

1. கடைக்கெனத் தனி வங்கிக் கணக்கு. ஸ்கேனர் முதலாளி பெயரிலேயே இருத்தல்.

2. வாடிக்கையாளர் காட்டும் படத்தை நம்பாமல், நம் கணக்கில் பணம் ஏறியதை உறுதி செய்தல்.

3. கடை சாத்தும் முன் ரொக்கம், யு.பி.ஐ., கடன் மூன்றையும் கூட்டி அன்றைய விற்பனையோடு சரிபார்த்தல்.

4. மாத முடிவில் வங்கிக் கணக்கு அறிக்கையை வரிவரியாகப் படித்தல்.

5. ஜி.எஸ்.டி. தாக்கலில் என்ன போயிருக்கிறது என்று தானே பார்த்தல்.

6. வாட்ஸ்அப்பில் சீட்டு வாங்குதல், சரக்குப் படம் அனுப்புதல்.

இவற்றில் எதுவும் கடினமானதன்று. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று கற்ற நமக்கு அளப்பது புதிதில்லை; அளக்கும் கருவிதான் புதிது. தராசு மாறியபோது பழகினோம், மெட்ரிக் எடை வந்தபோது பழகினோம், கால்குலேட்டர் வந்தபோதும் பழகினோம். அன்றெல்லாம் கருவி முதலாளி கையில் இருந்தது. இன்றும் அது முதலாளி கையில் இருக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

வருகிற மே 5 வணிகர் தினத்துக்குள் தங்கள் ஊரில் முதல் வகுப்பையாவது நடத்தி முடிக்கக் கிளை நிர்வாகிகள் முயல வேண்டும். கடைசிப் பாடமாகக் கல்லாவைக் கற்றவர்கள் நாம். அந்தப் பாடத்தை இன்னொரு முறை முதலிலிருந்து படிப்போம்.