அட்டையில் அடங்காத வசனம்

டிசம்பர் 31 நள்ளிரவில் தமிழ்நாட்டுத் திருச்சபைகள் பலவற்றில் ஆராதனை முடியும் தறுவாயில் ஒரு தட்டு சுற்றி வரும். அதில் சிறுசிறு அட்டைகள். ஒவ்வொன்றிலும் விவிலியத்திலிருந்து ஒரு வசனம். கைக்கு வந்த அட்டையில் இருப்பதே அந்த ஆண்டு முழுமைக்குமான வாக்குத்தத்தம். வீட்டு வரவேற்பறையிலும் கைப்பேசித் திரையிலும் அது பன்னிரண்டு மாதங்கள் இடம்பெற்றிருக்கும். இந்த வழக்கத்தைப் பழிக்க வேண்டியதில்லை. நம்பிக்கையை நாடும் மனம் அதில் ஆறுதல் பெறுகிறது. ஆனால், அந்த ஒரு வரிக்கு முன்னும் பின்னும் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் இல்லாதபோது, வசனம் சொல்லாத ஒன்றை, சில வேளைகளில் அது மறுக்கின்ற ஒன்றையே, அது சொன்னதாக நம்ப நேர்கிறது.

அட்டைகளில் பெரிதும் விரும்பப்படும் வசனங்களுள் ஒன்று, எரேமியா நூலின் 29-ஆம் அதிகாரத்தில் உள்ள 11-ஆவது வசனம். கடவுள் தம் மக்களுக்குத் தீமையை அல்ல, நன்மையையே எண்ணியிருக்கிறார். அவர்களுக்கு நல்ல எதிர்காலம் உண்டு என்பது அதன் சாரம். தேர்வெழுதும் மாணவர், வேலை தேடும் இளைஞர், மணமக்கள் என எல்லோருக்கும் அது வாழ்த்தாக வழங்கப்படுகிறது. அது யாருக்கு, எந்தச் சூழலில் எழுதப்பட்டது?

கி.மு. 597-இல் பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, அதன் இளம் அரசனையும் பிரபுக்களையும் கைவினைஞர்களையும் சிறைபிடித்துச் சென்றான். எப்போது ஊர் திரும்புவோம் என்பதே நாடு கடத்தப்பட்டோரின் ஒரே கேள்வி. அதற்கு அனனியா என்னும் தீர்க்கதரிசி எருசலேம் ஆலயத்தில் மக்கள் முன்னிலையில் விடை கூறினான்: இரண்டே ஆண்டுகள். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதன் அடையாளமாக எரேமியா தம் கழுத்தில் அணிந்திருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டினான். இது 28-ஆம் அதிகாரம். கூடியிருந்தோருக்கு எந்தச் செய்தி இனித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த அதிகாரம், நாடு கடத்தப்பட்டோருக்கு எரேமியா அனுப்பிய கடிதம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், சிறைப்பட்டிருக்கும் அந்நிய நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள் என்கிறது அது. விரைவில் விடுதலை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்; எழுபது ஆண்டுகள் நிறைவுற்ற பின்னரே திரும்புதல் என்கிறது. அட்டையில் அச்சாகும் வசனம் அந்த எழுபது ஆண்டுக்கு அடுத்த வரியில் வருகிறது.

ஆக, கடிதம் கிடைத்தபோது நடுவயதில் இருந்தவர்களுள் எவரும் அந்த நன்மையைத் தம் கண்ணால் கண்டிருக்க முடியாது. வாக்குறுதி ஒரு சமூகத்துக்கு அளிக்கப்பட்டது. பேரப்பிள்ளைகளின் காலத்தில் நிறைவேற வேண்டியது. வசனத்தை மட்டும் தனியே எடுத்து, இவ்வாண்டுக்குள் உனக்கு வேலை கிடைக்கும் என்று விளக்குபவர், எரேமியாவின் சொற்களைக் கொண்டு அனனியாவின் செய்தியைச் சொல்கிறார். டிசம்பர் வந்தும் வேலை வராதபோது, விசுவாசக் குறைவே காரணம் என்ற பழியும் அந்த இளைஞர் தலையிலேயே விழுகிறது. காணிக்கையை விதையாகக் கருதிக் கொடுத்தால் பன்மடங்காகத் திரும்பும் என்ற போதனையை நம்பிக் கடன் வாங்கிக் கொடுப்பவரின் நிலையும் இதுவே. விவிலியத்தைச் சபையில் கவனமாகக் கற்பது அறிஞர்களின் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இவை போதும்.

வசனங்களைத் தனித்தனியே பிரித்தெடுக்கும் வசதி மூல நூலாசிரியர்கள் அளித்ததல்ல. இன்று வழங்கும் அதிகாரப் பகுப்பு 13-ஆம் நூற்றாண்டில் அமைந்தது. புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்களை இட்டவர் ராபர்ட் எத்தியேன் என்னும் பிரெஞ்சு அச்சகத்தார், ஆண்டு 1551. அதற்கு முன் வாசித்தவர்களுக்குக் கடிதம் கடிதமாகவும் கதை கதையாகவுமே இருந்தது. எண்கள் தேடுவதற்கு உதவுகின்றன. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவை தீர்மானிக்கத் தொடங்கியதுதான் சிக்கல்.

கேட்பவர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விவிலியமே சில காட்சிகளைத் தருகிறது. நெகேமியா நூலின் 8-ஆம் அதிகாரத்தில், எஸ்றா விடியற்காலை முதல் நண்பகல் வரை திருச்சட்ட நூலை வாசிக்கிறார். லேவியர்கள் மக்களிடையே நின்று பொருள் விளக்குகிறார்கள். பலரும் அறிந்த பகுதி இது. அதிகம் பேசப்படாதது மறுநாள் நிகழ்வு. குடும்பத் தலைவர்கள் மீண்டும் கூடி, நூலை ஆராய்ந்து, கூடாரங்களில் தங்கிக் கொண்டாட வேண்டிய ஒரு திருவிழா அதில் விதிக்கப்பட்டிருப்பதைக் கண்டறிகிறார்கள். கேட்டதோடு வீடு திரும்பியிருந்தால் அது தெரியவந்திராது.

அப்போஸ்தலர் நடபடிகளின் 17-ஆம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. இன்றைய கிரேக்க நாட்டின் வடபகுதியில் வெரியா என்று வழங்கும் பெரோயா பட்டணத்தில் பவுல் போதிக்கிறார். அங்குள்ளோர் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். கேட்டது சரிதானா என்று நாள்தோறும் வேதநூல்களை ஆராய்ந்தும் பார்க்கிறார்கள். நூலாசிரியர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பெருந்தன்மையானவர்கள் என்று புகழ்கிறார். சோதித்துப் பார்க்கப்பட்டது சாதாரணப் பிரசங்கியாரின் பேச்சன்று, பவுலின் பேச்சு. அது அச்சுக்கு முந்தைய காலம்; வீட்டுக்கொரு பிரதி என்பதை எண்ணியும் பார்க்க முடியாது. சுருள்கள் தொழுகைக்கூடத்தில் இருக்கும். ஆகவே அந்த ஆராய்ச்சி, பலர் சேர்ந்து வாசித்து விவாதித்த ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும்.

தமிழருக்கு அச்சு நூல் முன்னதாகவே கிடைத்தது. 1706-இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15-இல் அங்கேயே அச்சானது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே. ஆனால், புராட்டஸ்டன்ட் சபைகளில் இன்றளவும் பெரிதும் வாசிக்கப்படுவது, போவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871-இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பு. அதன் ஓசையும் கம்பீரமும் தலைமுறைகளின் நினைவில் ஊறியவை. அதை விட்டுவிடச் சொல்பவர் தோற்றுப் போவார். எனினும், ஒன்றரை நூற்றாண்டு பழைமையான நடை, படித்தவருக்கும் சில இடங்களில் பொருளை மறைத்துவிடுகிறது.

‘தாலந்து’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். இன்று தமிழ்க் கிறிஸ்தவர் பேச்சில் அதற்குத் திறமை என்று பொருள். சிறுவர்களுக்கு நடத்தப்படும் பாட்டு, பேச்சுப் போட்டிகளுக்குத் தாலந்து பரிசோதனை என்று பெயர். மத்தேயு எழுதிய காலத்தில் அது ஒரு நிறையளவு. வெள்ளியாகக் கொண்டால் ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் ஊதியம். ஆண்டுக்கு 300 வேலைநாள் என்றால், ஒரு தாலந்து இருபது ஆண்டு உழைப்பு. ஒரே ஒரு தாலந்து பெற்று அதைப் புதைத்தவன் அற்பத் தொகை பெற்ற ஏழை என்று சொல்லும் பிரசங்கங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

அதே நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில், அரசனிடம் 10,000 தாலந்து கடன்பட்டவன் மன்னிக்கப்படுகிறான். வெளியே வந்ததும் தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் கழுத்தை நெரிக்கிறான். முதல் கடன் 6 கோடி தெனாரியம்; இரண்டு லட்சம் ஆண்டுக் கூலி. யாராலும் அடைக்க முடியாதது. இரண்டாவது கடன் நான்கு மாதக் கூலி. ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. ஆனால், நான்கு மாதக் கூலி என்பது உழைப்பாளிக்கு உண்மையான இழப்பு. அவன் மன்னிக்கக் கேட்கப்பட்டது சில்லறைக் காசை அன்று. உறுத்தும் ஒரு கடனை. பழைய மொழிபெயர்ப்பில் 18-ஆம் அதிகாரத்தில் ‘வெள்ளிப்பணம்’ என்றும் 20-ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டக் கூலியைச் சொல்லுமிடத்தில் ‘பணம்’ என்றும் வருவதால், இரண்டும் ஒரே நாணயம் என்பது வாசகருக்குத் தெரிவதில்லை. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் இணைந்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம் இரண்டிடத்திலும் தெனாரியம் என்கிறது. இரு நூல்களையும் அருகருகே வைத்தால் கிரேக்கம் அறியாதவரும் இதைக் கண்டுகொள்ளலாம்.

நூலைத் துண்டாக வாசிப்பது அதிகாரத்துக்கும் வசதியானது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே 1807-இல் லண்டனில் ஒரு விவிலியம் அச்சிடப்பட்டது. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியும் புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழப் பாதியும் அதில் இல்லை. மோசே அடிமை மக்களை எகிப்திலிருந்து விடுவித்து நடத்திச் சென்ற வரலாறு நீக்கப்பட்டது. அடிமையாக விற்கப்பட்டு உண்மையாக உழைத்த யோசேப்பின் கதை இருத்தப்பட்டது. (பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடை செய்ததும் அதே ஆண்டில்தான்.) அங்கே வெட்டியவர்கள் வேறு யாரோ. முழு நூலும் கையில் இருந்தும் விருப்பமான ஐம்பது வசனங்களோடு நின்றுவிடுபவர், அந்த வேலையைத் தமக்குத் தாமே செய்துகொள்கிறார்.

ஆளாளுக்கு ஆராயப் புகுந்தால் ஆளுக்கொரு சபை பிறக்காதா என்ற அச்சம் நியாயமானது. வரலாறு அதற்குச் சான்று தருகிறது. தேரில் அமர்ந்து ஏசாயா நூலை வாசித்த எத்தியோப்பிய மந்திரியே, வழிகாட்டுவார் இல்லாமல் எப்படி விளங்கும் என்றுதான் கேட்டான். ஆசிரியர் தேவை. ஆனால், ஆசிரியர் இருப்பதாலேயே மாணவர் வாய்மூடியிருக்க வேண்டும் என்பது தமிழ் மரபும் அன்று. உடன் கற்பவரோடு அளவளாவுவதையும் கற்றலின் பகுதியாகவே நன்னூல் கூறுகிறது. நம் உரையாசிரியர்கள் தமக்கு முந்தையோர் கொண்ட பொருளைக் குறித்து, ஏன் அது பொருந்தாது என்று காட்டியே தம் உரையை நிறுவினர். அதனால் மூல நூலின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. பெரோயா மக்களுள் பலர், ஆராய்ந்த பிறகே நம்பினார்கள் என்றுதான் அந்த அதிகாரமும் சொல்கிறது.

நம் சபைகளில் கற்றல் குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுவதே பெருங்குறை. ஓய்வுநாள் பள்ளியில் கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளை, திடப்படுத்தல் முடிந்ததும் வெறும் பார்வையாளராகிவிடுகிறது. வேல்ஸ் நாட்டில் நிலைமை வேறாக இருந்தது. பாலா நகரின் தாமஸ் சார்லஸ் போன்றோர் வளர்த்த ஞாயிறு பள்ளிகளில் உழவரும் சுரங்கத் தொழிலாளரும் தம் பிள்ளைகளைப் போலவே மாணவராக அமர்ந்தனர். பல தலைமுறைகளுக்கு எழுத்தறிவும் விவாதப் பழக்கமும் அங்கே அப்படித்தான் பரவின.

இங்கும் தொடக்கம் கடினமன்று. கத்தோலிக்கத் திருச்சபையிலும் தென்னிந்தியத் திருச்சபையிலும் ஒவ்வொரு ஞாயிறுக்குமான வாசகங்கள் முன்கூட்டியே வகுக்கப்பட்டுள்ளன. சனிக்கிழமை இரவு அரைமணி நேரம் ஒதுக்கி, அப்பகுதியை அதன் முன்பின் அதிகாரங்களோடு, முடிந்தால் இரு மொழிபெயர்ப்புகளில் வாசித்து, விளங்காததை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வருபவர் மறுநாள் பிரசங்கத்தை வேறு விதமாகக் கேட்பார். பவுலே நள்ளிரவு வரை நீட்டிப் பேசியபோது ஐத்திகு என்ற இளைஞன் உறங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான் என்பதால், கேட்போரை மட்டும் குறை சொல்லவும் இயலாது. ஆராதனைக்குப் பின் தேநீர் நேரத்தில் ஆயரும் சபையாரும் அந்தத் தாள்களோடு கால்மணி நேரம் அமரலாம். பெண்களும் இளைஞர்களும் முதலில் பேசட்டும். விடை தெரியாத கேள்வியை அடுத்த வாரத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை ஆயருக்கும் உண்டு.