பனிமலை மடமும் வழிப்போக்கரும்

தமிழில் மடம் என்னுஞ் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. துறவியர் உறையும் இடமும் மடம். வழிப்போக்கர் இரவு தங்கி இளைப்பாறும் சாலையும் மடம். இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்கி நிற்கும் கட்டடம் ஒன்று ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைத்தொடரிலே, சுவிற்சர்லாந்தின் தென்னெல்லையில், இத்தாலிக்கு இறங்கும் கணவாயின் உச்சியில் இருக்கின்றது. அதனைப் பெரிய புனித பேர்ணாட் மடம் என்பர். முதுகிலே பொதியைச் சுமந்து நாடு காணப் புறப்படும் இளைஞர் பலர் இன்று அங்கே தங்கிச் செல்கின்றனர். அவர்களை வரவேற்கும் வழக்கமோ ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. அவ்வழக்கம் ஏன் தோன்றிற்று, இன்றும் ஏன் நிலைத்திருக்கின்றது என்பதை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

அக்கணவாயின் உயரம் 2,469 மீற்றர். நமது நாட்டுப் பீதுருதாலகால மலையின் உச்சி இதனினும் சிறிதே உயர்ந்தது. ஆயினும் உயரம் ஒத்திருப்பதாற் காலநிலையும் ஒத்திருக்கும் என்று எண்ணிவிடலாகாது. ஒக்ரோபர் நடுப்பகுதி தொடங்கி யூன் வரையில் அங்கே பாதை பனியால் மூடப்பட்டுக் கிடக்கும். மடத்தின் அருகிலுள்ள சிறிய ஏரி ஆண்டின் பெரும்பகுதி உறைந்தேயிருக்கும். இத்தகைய இடத்தை மனிதர் தவிர்த்திருக்கலாமே எனின், அஃது இயலாதாயிற்று. வடக்கேயுள்ள நாடுகளிலிருந்து இத்தாலிக்குச் செல்லும் பழைய வழிகளுள் இது தலையாயது. உரோமர் இங்கே வீதி அமைத்து, யுப்பிற்றர் தெய்வத்துக்குக் கோயிலும் எடுத்திருந்தனர். கந்தர்பரி நகரின் பேராயர் சிகெரிக் என்பார் 990ஆம் ஆண்டளவில் உரோமாபுரியிலிருந்து திரும்புகையில் இவ்வழியே சென்றார். அவர் தங்கிய இடங்களின் பட்டியல் இன்றும் உள்ளது. வணிகர், யாத்திரிகர், போர்வீரர் ஆகியோர் அனைவரும் இப்பனியைக் கடந்தேயாக வேண்டியிருந்தது. கடக்க முயன்று மாண்டோரும் பலர்.

இத்துயரைத் தீர்க்க முன்வந்தவர், கணவாயின் தெற்கேயுள்ள அவொஸ்தா நகரில் திருச்சபை அதிகாரியாயிருந்த பேர்ணாட் என்பார். 1050ஆம் ஆண்டளவில் அவர் இம்மடத்தை நிறுவினார். அடிவாரத்திலே வசதியாகக் கட்டாது, ஆபத்து எங்கே மிகுதியோ அங்கேயே கட்டினார் என்பதே அவர் செயலின் சிறப்பு. இறைவனைத் தொழுவதும் வழிப்போக்கனுக்கு உணவளிப்பதும் ஒரே பணி என்பது மடத்தின் கொள்கை. புனித அகுஸ்தீனாரின் ஒழுக்கவிதியைப் பின்பற்றுந் துறவியர் அன்றுதொட்டு அப்பணியை ஆற்றி வருகின்றனர். இரவோ பகலோ, மடத்தின் வாயிற்கதவு பூட்டப்படுவதில்லை. மலையேறுவோரின் பாதுகாவலராகப் பேர்ணாடைப் பாப்பரசர் பதினொராம் பத்திநாதர் 1923இல் அறிவித்தார். அப்பாப்பரசரும் இளமையில் அல்ப்ஸ் சிகரங்களில் ஏறியவரே.

கதவைத் திறந்துவைத்து உள்ளே காத்திருத்தலோடு துறவியரின் கடமை முடியவில்லை. குளிர்காலத்தில் உணவும் மதுவும் எடுத்துக்கொண்டு, வருவோரை எதிர்கொள்ள அவர்கள் பாதை வழியே இறங்கிச் செல்வர். அவர்களுக்குத் துணையாய் அமைந்தவையே புகழ்பெற்ற பேர்ணாட் நாய்கள். அவற்றுள் 1800இற் பிறந்த பாரி என்னும் நாய் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காத்தது என்பர். அதன் உடல் பதஞ்செய்யப்பட்டுப் பேர்ண் நகர் நூதனசாலையில் வைக்கப்பட்டிருக்கின்றது. பாரியைப் பற்றிய கட்டுக்கதைகளும் பல. காப்பாற்ற வந்த நாயை ஓநாயென்று கருதி ஒருவன் குத்திக் கொன்றான் என்பது அவற்றுள் ஒன்று. உண்மையில் அது முதுமையுற்று, 1814இற் பேர்ண் நகரில் இறந்தது. நாயின் கழுத்திலே தொங்கும் சாராயப் பீப்பாவும் ஓவியர் தீட்டிய கற்பனையே.

எல்லோரையுங் காத்துவிட முடியவில்லை. மடத்துக்கு ஏறும் பள்ளத்தாக்கின் ஒரு பகுதிக்கு இறந்தோர் பள்ளம் என்று பெயர். பனியில் இறந்தோரைப் புதைப்பதற்கு அப்பாறை நிலத்தில் இடமில்லை. ஆகவே, தேடிவருவோர் அடையாளங்காணும் வண்ணம், உடல்களை மடத்தின் அருகே ஓர் அறையில் வைத்தனர். பிற்காலத்தில் அவ்வறை சுவரெழுப்பி மூடப்பட்டது. துறவியருள்ளும் பனிச்சரிவிற் சிக்கி மாண்டோர் உளர். விருந்தோம்பல் என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லுக்கு அங்கே கொடுக்கப்பட்ட விலை இதுவாகும்.

1964ஆம் ஆண்டு கணவாயின் கீழே மலையைக் குடைந்து மோட்டார் வண்டிகள் செல்லுஞ் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதன் நீளம் ஆறு கிலோமீற்றருக்குச் சிறிது குறைவு. முன்னர் ஒருநாள் முழுதும் உயிரைப் பணயம்வைத்துக் கடந்த வழியை இப்போது சில நிமிடங்களிற் கடக்கலாம். மடத்தின் தேவை அன்றே ஒழிந்தது என்று எவரும் எண்ணக்கூடும். நாய்களைப் பேணும் பொறுப்பும் 2005ஆம் ஆண்டு அடிவாரத்து மார்ற்றிஞி நகரிலுள்ள ஓர் அறநிலையத்துக்கு மாற்றப்பட்டது. ஆயினும் கதவு திறந்தேயிருக்கின்றது, ஆட்களும் வந்துகொண்டேயிருக்கின்றனர். குளிர்காலத்திற் பனிச்சறுக்குக் கட்டைகளையோ, பனியில் அமிழாத அகன்ற மிதியடிகளையோ பூண்டு, கால்வலியாலேயே அங்கு செல்லவேண்டும். பனிச்சரிவு இன்றும் ஆளறிந்து விலகுவதன்று. ஆதலாற் புறப்படுமுன் பனியின் நிலையை விசாரித்தறிவது மலைவழிச் செலவின் முதல் விதியாகும்.

இவ்வாறு வந்து சேர்வோர் முன்பின் அறியாதவர். மொழியும் வேறு, நாடும் வேறு. எனினும், மாலையில் ஒரே மேசையில் உணவருந்தும்போது அவர்கள் விரைவில் நண்பராகிவிடுகின்றனர். இதற்குக் காரணம் களைப்பும் பசியும் மட்டுமல்ல. கணவாயிலே வடக்கிருந்து ஏறியவன் மறுநாள் தெற்கே இறங்குகின்றான். தெற்கிருந்து ஏறியவன் வடக்கே இறங்குகின்றான். ஒருவன் இன்று நடந்த வழியே மற்றவன் நாளை நடக்கப்போகும் வழி. எங்கே பனி இளகிக் கிடக்கின்றது, எந்தப் பாலம் உடைந்திருக்கின்றது, எவ்வூரில் உணவு கிடைக்கும் என்பனவெல்லாம் எதிரே அமர்ந்திருப்பவனுக்கே தெரியும். அவன் சொல்லுஞ் செய்திக்கு விலையில்லை. ஆனால் அதனால் ஓர் உயிர் பிழைக்கவுங் கூடும். அந்நியனிடம் பேசவேண்டிய தேவையும், அவனை நம்பவேண்டிய தேவையும் அம்மேசையிலே ஒன்றுகூடுகின்றன.

விருந்தினனுக்குங் கடமை உண்டு. முற்காலத்தில் மடத்திலே கட்டணம் கேட்பதில்லை; விரும்பியதைக் காணிக்கைப் பெட்டியில் இடலாம். வசதிபடைத்த உல்லாசப் பிரயாணிகள் வயிறார உண்டும் உரியதை இடாமற் போயினர் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் வழிகாட்டி நூல்கள் கடிந்துரைத்தன. இக்காலத்திற் படுக்கைக்கும் உணவுக்குங் கட்டணம் உண்டு. ஆனால், எந்தக் கட்டணத்துள்ளும் அடங்காத கடன் ஒன்று எஞ்சியிருக்கின்றது. துறவியரின் வழிபாட்டு நேரத்தில் அமைதி காத்தல், பிந்தி வந்தவனுக்கு அடுப்பருகே இடம் விடுதல், தான் வந்த வழியின் நிலையை மறையாது எடுத்துரைத்தல் ஆகியவை அக்கடனைச் செலுத்தும் வகைகளாம். பிற நாடுகளிற் பொதிசுமந்து நடக்க விழையும் நம் இளைஞர், தம் பொதியில் எதனைக் குறைத்தாலும் இவற்றைக் குறைத்தலாகாது.