ராஜபாளையம் குட்டி வாங்கப் போறீங்களா? கலரை அப்புறம் பாருங்க, முதல்ல காதைப் பாருங்க!

இன்ஸ்டாவைத் திறந்தால் மால்ட்டிபூ, கேவபூ, காக்கபூ என்று பூடில் கலப்புக் குட்டிகளின் ரீல்ஸ்தான். மடியில் அடங்குற சைஸ், பொம்மை மாதிரி முகம், முடியும் அதிகம் கொட்டாது. (அடிக்கடி சீவிவிடலைன்னா அந்த முடி சடையாத் திரிஞ்சு, பார்லர் செலவு தனியா வரும்ங்கிறதை ரீல்ஸ்ல சொல்ல மாட்டாங்க.) 'அவ்வளவு காசு கொடுத்து அது எதுக்கு, நம்ம ஊர் நாயையே வாங்கலாமே' என்று ராஜபாளையத்துக்கு வண்டியை விடுபவர்களும் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் ராஜபாளையம் நாய் மடியில் வெச்சுக் கொஞ்சுற நாய் இல்லை. அதைவிட முக்கியம், நிறத்தை மட்டும் பார்த்து எடுத்தால் காது கேட்காத குட்டி கைக்கு வந்து சேரலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கு ராஜபாளையம். இந்தப் பகுதியில் காட்டுப்பன்றி வேட்டைக்கும், வீடு, தோட்டக் காவலுக்கும் வளர்க்கப்பட்ட நாய் இது. தோள் உயரம் சுமார் 65 முதல் 75 சென்டிமீட்டர். ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். 2005-ல் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று இதற்குத்தான். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம். ஆனால் துரத்துற குணம் மட்டும் போகலை. பூனை, அணில், ஸ்கூட்டர்னு எது ஓடினாலும் பின்னாடியே பாயும்.

பால் வெள்ளையும் ரோஸ் மூக்கும்

எல்லோரும் கேட்பது பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. சிக்கலே அங்கேதான். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் செல்கள் உள்காதிலும் இருக்கணும். ஒலியை உணரும் நுண்ணிய முடி செல்கள் உயிரோடு இருக்க அவை தேவை. நிறச் செல்கள் உடம்பில் குறையும்போது உள்காதிலும் இல்லாமல் போகலாம். அப்படிப் போனால், பிறந்த சில வாரங்களிலேயே அந்த முடி செல்கள் அழிஞ்சுடும், திரும்ப முளைக்காது. டால்மேஷன் நாய்களிலும் இதே கதைதான். வெள்ளையோடு வெள்ளையை மட்டுமே தலைமுறை தலைமுறையா சேர்த்துக்கிட்டுப் போனால் ஆபத்து கூடத்தான் செய்யும். லேசா பழுப்புத் திட்டு இருக்கிற குட்டியை 'கலப்பு' என்று ஒதுக்கிடாதீங்க.

எப்படிச் சோதிக்கிறது? கூடப்பிறந்த குட்டிகளோடு இருக்கும்போது பார்த்தால் ஏமாந்துடுவீங்க. மற்றது திரும்பினால் இதுவும் திரும்பும். தனியாப் பிரிச்சு, அது அசந்து தூங்கும்போது, பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்க. பக்கத்தில் நின்று கைதட்டினால் காற்று மேலே படும். தரையைத் தட்டினால் அதிர்வு போகும். ரெண்டும் வேண்டாம். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிச்சிடும். அதைக் கண்டுபிடிக்க 'பேயர்' டெஸ்ட் இருக்கு. தலையில் எலெக்ட்ரோடு பொருத்தி, ஒவ்வொரு காதிலும் ஒலி கொடுத்து, மூளைக்கு சிக்னல் போகுதான்னு பார்ப்பாங்க. எங்கே செய்றாங்கன்னு கால்நடை மருத்துவரிடம் கேளுங்க.

ஏற்கெனவே வாங்கிய குட்டிக்குக் காது கேட்கலையா? ரோட்டில் விட்டுடாதீங்க. வா, உட்கார், நில் எல்லாத்தையும் கை சைகையிலேயே கத்துக்கும். தூங்கும்போது திடீர்னு தொட்டால் மட்டும் திடுக்கிட்டுக் கடிக்கலாம். கயிறு இல்லாமல் வெளியே கூட்டிட்டுப் போகவே கூடாது, ஹாரன் அதுக்குக் கேட்காது. இனப்பெருக்கத்துக்கும் விட வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

முடி விஷயத்தில் பூடில் கலப்பைவிட இது சுலபம். குட்டை முடி, வாரம் ஒருமுறை ரப்பர் பிரஷ் போட்டால் போதும். உண்ணியும் வெள்ளை உடம்பில் பளிச்னு தெரியும்; காது மடலையும் விரல் இடுக்கையும் மறக்காமல் பாருங்க. வெயில்தான் எதிரி. ரோஸ் மூக்கும் காது ஓரமும் வெந்து புண்ணாகிடும். அதனால் நடையும் ஓட்டமும் காலை ஏழு மணிக்கு முன்னாடி, இல்லைன்னா பொழுது சாஞ்ச பிறகு. ஓட இடமில்லாமல் பகல் முழுக்க பிளாட்டில் பூட்டி வெச்சீங்கன்னா கதவைப் பிராண்டும், செருப்பைக் கடிக்கும். அது நாயின் தப்பில்லை.

வீட்டில் யாராவது ஒருத்தரிடம்தான் ரொம்ப ஒட்டிக்கும். அந்நியர் தடவிக் கொடுத்தால் பிடிக்காது. மூணு மாசத்துக்குள்ளேயே புது ஆட்கள், குழந்தைகள், வண்டிச் சத்தம் எல்லாத்துக்கும் பழக்கிடணும். பெரிசான பிறகு பழக்குறது கஷ்டம்.

அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி பால்கோவா வாங்காமல் யாரும் திரும்ப மாட்டீங்க. வாங்குங்க, ஆனால் குட்டிக்கு ஒரு துண்டு ஊட்டிடாதீங்க. அந்தப் பாலும் சர்க்கரையும் வயிற்றைக் கலக்கி, ஊர் வந்து சேர்றதுக்குள்ள காரை நாறடிச்சிடும்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு விதிகளே சொல்லுது. 'கண்ணு திறந்தாச்சு, எடுத்துட்டுப் போங்க' என்று யாராவது கொடுத்தால் வாங்காதீங்க. தாய் நாயைப் பார்த்துட்டு, எட்டாவது வாரம் திரும்பப் போங்க, சாவிக்கொத்தோட.