சட்டி கொள்கிற மீன்... அதற்கு மேல் ஒண்ணும் வேண்டாம்!

சிதறாலுக்குப் போகிற வெளியூர்க்காரர்கள் நேராக மலை ஏறுவார்கள். ஏறட்டும், ஏற வேண்டிய மலைதான். ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு, பிற்பாடு பகவதி குடியேறிய குகைக் கோவில் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நான் சொல்ல வந்தது மலைக்குக் கீழே நடக்கிற விஷயம். உச்சியில் நின்று பார்த்தால் தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு ஆறு தெரியும். பெயர் தாமிரபரணி. திருநெல்வேலிக்காரர்கள் உடனே சட்டையைப் பிடிக்க வேண்டாம், இது உங்களுடையது இல்லை! குழித்துறை வழியாகப் போய் தேங்காப்பட்டணத்தில் கடலில் சேருகிற இன்னொரு தாமிரபரணி.

இந்த ஆற்றங்கரையில் மீன் பிடித்து, அங்கேயே மூன்று கல்லைக் கூட்டிக் குழம்பு வைத்து, அங்கேயே தின்றுவிட்டு வருவது என் போன்றவர்களுக்கு ஒரு விடுமுறைச் சடங்கு. எறும்புக்குக்கூட வழிவிட்டு நடந்த முனிவர்கள் வாழ்ந்த மலையடியிலா இந்த வேலை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் தின்பது என்று முடிவு செய்தவனுக்கும் ஒரு முறை, ஒரு வரைமுறை உண்டு. அதை எனக்குச் சொன்னவர் ரப்பர் பால் வெட்டி ஓய்ந்த ஒரு பெரியவர். அந்தக் கடவில் ஐம்பது வருஷமாகத் தூண்டில் போடுகிறவர்.

"பாட்டா, இன்னைக்கு எத்தனை கிலோ கிடைக்கும்?" என்று நான் கேட்டதுதான் தாமதம், பிடித்துக்கொண்டார்.

"கிலோவா? சந்தைக்கா வந்திருக்கே? பிள்ளே, மொதல்ல சட்டியக் காட்டு. நாலு பேரு வந்திருக்கிய. இந்தச் சட்டியில எத்தற மீன் வேகும்? அதாக்கும் கணக்கு. அதுக்கு மேல தூண்டில் போடப்பிடாது. வீட்டுக்கு ஒண்ணும் கொண்டு போகவும் பிடாது. ஃபிரிட்ஜு வந்த பெறவுதான் மனுசன் ஆசைக்கு அளவு போச்சு."

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மீன் பிடிக்க லைசென்ஸ் உண்டு. எந்த மீன், ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்று அச்சடித்தே கொடுப்பார்கள். அதிகாரி கரைக்கே வந்து அளந்து பார்ப்பதும் உண்டு. நம் பாட்டா அச்சடித்த தாள் எதையும் பார்த்ததில்லை. ஒரு மண்சட்டியை வைத்தே கணக்கை முடித்துவிட்டார். பி.காம். படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், இதைவிடச் சுலபமான தணிக்கை முறை எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை.

அடுத்தது அளவு. உள்ளங்கை நீளத்துக்குக் குறைந்த மீன் ஆற்றுக்கே திரும்பிப் போக வேண்டும். அதுவும் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். காய்ந்த கையால் அமுக்கிப் பிடித்தால் மீன் உடம்பில் இருக்கிற வழுவழுப்பு போய்விடும். அதுதான் அதற்குத் தோல் வியாதி வராமல் காக்கிற சட்டை. சட்டையைக் கழற்றிவிட்டு 'போய் வா' என்று அனுப்புவது விடுதலை இல்லை. இந்த உள்ளங்கைக் கணக்கு எல்லா மீனுக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அயிரை வளர்ந்து முடிந்தாலே விரல் அளவுதான். உள்ளங்கைச் சட்டம் போட்டால் மதுரைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

விராலுக்குத் தனி மரியாதை. குஞ்சு பொரித்த காலத்தில் ஆற்றோரம் அசையாத தண்ணீரில் பார்த்தால், செம்மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாக ஒரு கூட்டம் மேலே வந்து வந்து மூச்சு வாங்கும். அவை விரால் குஞ்சுகள். விராலுக்குக் காற்றைச் சுவாசிக்கவும் தெரியும், குஞ்சும் அப்படித்தான். அந்தக் கூட்டத்துக்கு அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். கெட்டிக்கார ஆசாமிகள் சிலர் சரியாக அந்தக் கூட்டத்தின் நடுவில் தூண்டிலைப் போடுவார்கள். காவல் நிற்கிற விரால் பாய்ந்து கடிக்கும். பசியில் கடிப்பதில்லை சார், 'என் பிள்ளை பக்கம் எவன்டா வந்தது' என்கிற கோபத்தில் கடிக்கிறது! அதைத் தூக்கிக் கரையில் போட்ட சில மணி நேரத்தில், மேலே மிதந்த குஞ்சுகளை மற்ற மீன்கள் வந்து ஒரு கை பார்த்துவிடும். ஒரு மீன் பிடித்ததாகத்தான் இவர் கணக்கு எழுதுவார். ஆற்றின் பேரேட்டில் அந்தப் பற்று ஆயிரத்துச் சொச்சம்.

"பிள்ள வளக்குதவன அடிக்கப்பிடாது." பாட்டா இதற்கு மேல் விளக்கம் கொடுக்கவில்லை.

இதைவிடப் பெரிய வேட்டை ஜூன் மாதம் நடக்கிறது. தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்து, புது வெள்ளம் ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் வரும்போது, சினை நிறைந்த மீன்கள் தண்ணீரை எதிர்த்து மேலே ஏறும். வயலுக்குள், வரப்போரம், முட்டளவு தண்ணீர் இருந்தால்கூடப் போதும், அங்கே போய் முட்டையிடும். பனையேறிக் கெண்டை ஈர மண்ணில் ஊர்ந்தே அடுத்த குட்டைக்குப் போய்விடும். 1791-ல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்கிற டேனிஷ் லெப்டினன்ட் அதைப் பனைமரத்திலேயே பார்த்ததாக எழுதி வைத்தார். அன்றைக்கு ஆரம்பித்த விவாதம் ரொம்ப காலம் ஓயவில்லை. மரம் ஏறுமோ ஏறாதோ, மழையில் தரை தாண்டும் என்பதில் சந்தேகம் இல்லை.

இப்படிப் பிரசவத்துக்குப் போகிற மீனைக் கூடை, வலை, வெட்டுக்கத்தி, டார்ச் லைட் சகிதம் வழிமறித்துப் பிடிப்பதற்குக் கேரளத்தில் 'ஊத்த பிடித்தம்' என்று பெயர். (நம் ஊர்ப் பல் ஊத்தை இல்லை, இது வேறு!) அங்கே 2010-ல் உள்நாட்டு மீன்வளச் சட்டம் வந்தது. இப்படிப் பிடிப்பவர்களுக்கு 15,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று மழைக்காலத்தில் எச்சரிக்கிறார்கள். மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் களியக்காவிளை, அதைத் தாண்டினால் கேரளா. அந்தப் பக்கம் அது குற்றம், இந்தப் பக்கம் அது குழம்பு! மழைக்கும் மீனுக்கும் மாநில எல்லை தெரியாது என்பதுதான் சிக்கல். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த விளவங்கோடு பகுதியும் அந்தப் பக்கத்தோடுதானே இருந்தது?

கடலுக்காவது தடைக்காலம் உண்டு. அதிலும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு விசேஷம். கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடை. மேற்குக் கடலில் ஜூன் 1-லிருந்து ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், இரண்டு தடைக்காலம், ஒவ்வொன்றும் 61 நாள். சின்னமுட்டத்துப் படகுக்கும் குளச்சல் படகுக்கும் தனித்தனிக் காலண்டர். கடல் மீனுக்கு இத்தனை பேர் காவல் இருக்கையில், வாய்க்காலில் எதிர்த்து ஏறுகிற கெண்டைக்குப் பாட்டா ஒருத்தர்தான் வக்கீல்.

சட்டம் என்று பார்த்தால் பழசு ஒன்று இருக்கிறது. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்கிற துரை தூண்டில் பைத்தியம். 1873-ல் இந்தியத் தூண்டில் பற்றி ஒரு புத்தகமே போட்டார். நம் ஆறுகளில் பொடி மீனைக்கூட விடாமல் வழித்து எடுக்கிறார்கள் என்று அவரும், மீன் ஆராய்ச்சியாளர் பிரான்சிஸ் டேயும் எழுதி எழுதிப் போட்டார்கள். கடைசியில் 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்து மீன் பிடிக்கக் கூடாது, தண்ணீரில் விஷம் கலக்கக் கூடாது, மீறினால் இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம்.

200 ரூபாயா என்று சிரிக்காதீர்கள். 1899-ல் ஒரு தங்கப் பவுன் நாணயத்தின் மதிப்பு 15 ரூபாய் என்று சட்டப்படி நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில் 200 ரூபாய் என்றால் 13 பவுனுக்கு மேல்! ஒரு கல்யாணமே முடிக்கலாம். துரை பயமுறுத்த நினைத்தது நிஜம்தான். ரூபாய்தான் நடுவில் இளைத்துவிட்டது. இன்றைக்கு அந்த 200 ரூபாயை வைத்து ஒரு கிலோ விரால் வாங்கிக் காட்டுங்கள் பார்க்கலாம்.

(அன்றைக்கு நம் பக்கம் திருவிதாங்கூர் மகாராஜா ஆட்சி, அது வேறு கதை.)

வெடி போட்டால் பெரிய மீன், சின்ன மீன், முட்டை, புழு என்று எல்லாமே போச்சு. செத்ததில் பாதி அடியிலேயே தங்கிவிடும், போட்டவனுக்குக்கூடக் கிடைக்காது. கை போனவர்கள் கதை ஆற்றோர ஊர்களில் கேட்டால் சொல்வார்கள். கோடையில் ஆறு வற்றிக் கயம் கயமாக நிற்கும்போது காக்காய்க்கொல்லி விதையை இடித்துக் கலக்குகிறது இன்னொரு வழி. அது மீனுக்கு மட்டும் மயக்கம் கொடுக்கிற மருந்து இல்லை, மனுஷனுக்கும் விஷம்தான். நவநாகரிகக்காரர்கள் பேட்டரி, இன்வெர்ட்டர் வைத்துக் கரண்ட் கொடுக்கிறார்கள். தப்பித்த மீனுக்கும் முதுகெலும்பு ஒடிந்திருக்கலாம். பிடித்தவனே தண்ணீரில் கால் வழுக்கினால்... வேண்டாம், சாப்பாட்டு விஷயம் எழுதும்போது அது எதற்கு?

சரி, எதையுமே அளவாகத்தான் பிடிக்க வேண்டுமா? இல்லை. சிலேபிக்கு வரம்பே கிடையாது! ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீனை 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். வந்த விருந்தாளி வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டது. எத்தனை பிடித்தாலும் ஆறு வாழ்த்தும். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் பாவம் பார்த்துத் திருப்பி விடவே கூடாது. வளர்க்கவே மத்திய அரசு தடை போட்ட மீன் அது, உள்ளூர் மீனையெல்லாம் விழுங்கிவிடும்.

கோவில் கடவில் மட்டும் எந்தத் தூண்டிலும் கூடாது. பாபநாசத்துப் படித்துறையில் (இது திருநெல்வேலித் தாமிரபரணி!) பொரி போட்டால் காலைச் சுற்றி மீன் மொய்க்கும். யாரும் தொடுவதில்லை. சிருங்கேரியில் துங்கைக் கரையிலும் இதே வழக்கம்தான். சாமி பேரைச் சொல்லி ஒரு ஆற்றில் நூறு அடியாவது மீனுக்கு நிம்மதியான இடம் கிடைக்கிறது.

இனி சமையல். இதில்தான் மனுஷன் குணம் தெரியும். யூடியூபில் ஆற்றங்கரைச் சமையல் பார்த்துவிட்டு அண்டாவோடு கிளம்பி வருகிறவர்களுக்குச் சில வார்த்தை. குளிக்கிற கடவில் அடுப்புக் கூட்டாதீர்கள். பெண்கள் குளிக்கிற இடம் என்றால் நூறு அடி தள்ளிப் போய்விடுங்கள், அங்கே காமிராவும் வேண்டாம். செதிளும் குடலும் தண்ணீரில் போகக் கூடாது. கீழே அடுத்த கடவில் யாரோ வாய் கொப்பளித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு குழி தோண்டித் தென்னை மூட்டில் புதைத்தால் தென்னைக்கும் விருந்து. கெளுத்தி, தேளி முள்ளில் ஜாக்கிரதை, குத்தினால் கடுக்கும். அடுப்புச் சாம்பல் போட்டு உரசினால் வழுவழுப்பும் சேற்று வாடையும் போகும். விறகுக்கு மரத்தை வெட்ட வேண்டாம், காய்ந்த ரப்பர் சுள்ளியும் தேங்காய்ச் சிரட்டையும் போதும்.

அரைப்பை வீட்டிலேயே அரைத்துக் கொண்டு போய்விட வேண்டும். தேங்காய், வற்றல் மிளகாய், மல்லி, சின்ன உள்ளி, மஞ்சள். புளிக்குப் பதில் கொடம்புளி இரண்டு சுளை. கொதி வந்த பிறகு மீனைப் போட்டால் கரண்டியே கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய், கறிவேப்பிலை. கூட மரச்சீனிக் கிழங்கு. வேக வைத்த தண்ணீரைக் கட்டாயம் வடித்துவிட வேண்டும். இந்தக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880-லிருந்து 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. ஒவ்வொரு வாய்க்கும் அவரை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

அந்த வழியாகப் போகிறவர் யாராக இருந்தாலும் 'ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க' என்று கூப்பிட வேண்டும். நிஜமாகவே உட்கார்ந்துவிட்டால் முகம் மாறக் கூடாது. பாட்டில், பிளாஸ்டிக் தட்டு எல்லாம் வந்த பையிலேயே திரும்பிப் போக வேண்டும். உடைந்த பாட்டில் நாளைக்குக் குளிக்க வருகிற பிள்ளைகளின் காலுக்கு.

பங்கு வைப்பதிலும் பாட்டா சட்டம்தான். பிடித்தவனுக்குத் தலை. சமைத்தவனுக்கு நடுத்துண்டு. விறகு பொறுக்கியவனுக்கு வால். சும்மா உட்கார்ந்து யோசனை சொன்னவனுக்குக் குழம்பு மட்டும். பத்திரிகைக்கு எழுதுகிற ஆளுக்கு எந்தப் பங்கு என்று கேட்டேன்.

"யோசன சொன்னவன் கூட இரி. சாப்பிட்டுட்டுச் சட்டியக் கழுவு. ஆத்துல வச்சிக் கழுவாத, தண்ணி கோரி மேல கொண்டு போய்க் கழுவு."